முன்பே இறந்தவன்

சாபம் போடுவதற்குக் கொத்தனாருக்குச் சாப்பாட்டு வேளைதான் தோதாக இருந்தது. தட்டு முன்னால் வந்ததும் முதல் வாயை எடுத்து வைப்பார், நிதானமாக மெல்லுவார், ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார். பிறகு ஆரம்பிப்பார்.

"எவ அந்த மணிய அடிச்சாளோ, அவ கை வெளங்காமப் போகட்டும்."

அவ்வளவுதான். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை மாதிரி வேளைக்கு ஒன்று. சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கிய தெளிவில் மீதியைச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். இல்லாவிட்டால் பாதிச் சாப்பாடு தட்டிலேயே கிடக்கும்.

எதிரில் உட்கார்ந்து பரிமாறுகிறவள் அவருடைய மூத்த மகள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பெரியவள். எல்லோரும் என்று சொன்னாலும் இப்போது மிச்சமிருப்பது கொத்தனார் ஒருவர்தான். அம்மா போய் ஒன்பது வருஷம். சின்னவள் போய் ஏழு மாதம்.

அந்த மணியை அடித்தவள் பெரியவள்தான். அது கொத்தனாருக்குத் தெரியாது. ஏழு மாதமாக, வேளைக்கு ஒரு தடவை தன் கை விளங்காமல் போவதைக் கேட்டுக்கொண்டு, அந்தக் கையாலேயே அவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கொத்தனார் ஊரில் பாதிப் பேருக்கு வீடு கட்டிக் கொடுத்தவர். தன் வீட்டை மட்டும் பதினோரு வருஷம் கட்டினார். அங்கே ஒரு வேலையில் அரை மூட்டை சிமெண்டு மிஞ்சும், இங்கே ஒரு வேலையில் நாற்பது செங்கல் மிஞ்சும். கேட்டு வாங்கிக்கொண்டு சைக்கிளில் கட்டி வருவார். சமையலறைத் தரையில் நாலு நிறத்தில் ஓடு பதித்திருக்கும். "நாலு வீட்டுக்காரன் தரையில நின்னு சமைக்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?" என்று அம்மா உயிரோடு இருந்தவரை அவரைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இருந்தாள். எந்தச் சுவரில் யார் வீட்டு மிச்சம் இருக்கிறது என்று கொத்தனாரால் இன்றைக்கும் விரலை வைத்துக் காட்ட முடியும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு போனது. எட்டு மாதம் படுக்கை. சின்னவள்தான் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டி, துடைத்து, கோலூன்றி நடக்கப் பழக்கி. பெரியவளுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. புருஷன் செத்து, பிள்ளை குட்டி இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் இருந்தாள். வீட்டை யார் பேருக்கு எழுதுவது என்று பேச்சு வந்தபோது அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அவ பேருக்கே எழுதுப்பா. நான் ஒண்டிக்கட்டை, எனக்கு எதுக்கு நாலு சுவரு?"

எழுதினார். ஒரு வருஷம் கழித்துச் சின்னவளுக்குக் கல்யாணமும் பண்ணினார். மாப்பிள்ளை பார்க்க லட்சணமாக, மாமா மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவனாக இருந்தான். மாடியறையில் குடித்தனம். மூன்றாம் வருஷம் வீட்டை அடகு வைத்து லாரி வாங்க வேண்டும் என்று ஆரம்பித்தான். சின்னவள் பிடி கொடுக்கவில்லை. "அப்பா இருக்குற வரைக்கும் இந்த வீட்டுப் பத்திரம் வெளிய போகாது" என்றாள். கேட்டான், கெஞ்சினான், கத்தினான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டான்.

முனைக்கடையில் டீ குடித்துவிட்டு வந்த கொத்தனார்தான் முதலில் பார்த்தார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடியவன் இரண்டு மைல் தள்ளி, நின்றுகொண்டிருந்த லாரியில் போய் மோதினான். இரண்டு பேரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்தார்கள். அவள் பின்வாசல் வழியாக, அவன் முன்வாசல் வழியாக.

வக்கீல் ஒரு சின்னப் பெண். மருந்துக் கடைக்கு மேலே அவளுக்கு ஆபீஸ். இரண்டு நாற்காலி போட்டால் கதவைச் சாத்த முடியாது. கொத்தனாரை அந்தப் படியில் ஏற்றிக்கொண்டு போவதற்குள் பெரியவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

"கொலை பண்ணவனுக்கு, செத்தவங்க சொத்து போகாதுன்னு சட்டம் இருக்கா இல்லையாம்மா?" என்று கேட்டார் கொத்தனார்.

"இருக்குங்கய்யா. ஆனா கோர்ட்டுல அவரு கொலைகாரர்னு தீர்ப்பு வந்திருக்கணும். வழக்கு ஆரம்பிக்கிறதுக்குள்ள அவரு செத்துட்டாரு. செத்தவர் மேல வழக்கு நடத்த முடியாது. அதனால காகிதத்துல அவரு கொலைகாரர் இல்ல. வெறும் புருஷன்."

"அவரு இவருன்னு சொல்லாதே."

"சரிங்கய்யா. அவன்."

"அவன்தான் செத்துட்டானே. அப்புறம் வீடு எனக்குத்தானே திரும்பி வரணும்?"

வக்கீல் பெண் பேனாவை மூடினாள், திறந்தாள். "ஏழு நாள் விதின்னு ஒண்ணு இருக்குங்கய்யா. வாரிசா இருக்கிறவங்க, செத்தவங்களுக்கு அப்புறம் முழுசா ஏழு நாள் உயிரோட இருந்திருக்கணும். அப்பதான் சொத்து அவங்களுக்குச் சேரும். அதுக்குள்ள போயிருந்தா, உங்களுக்கு வந்திருக்கும். இவன் எட்டு நாள் இருந்துட்டுப் போனான். அதனால வீடு முதல்ல இவனுக்குப் போயிடுச்சு. இவங்கிட்டருந்து இவங்கம்மாவுக்கு."

கொத்தனார் விரல்விட்டு எண்ணினார். செவ்வாய், புதன் என்று சொல்லிக்கொண்டே அடுத்த புதன் வரைக்கும் போனார்.

வக்கீல் பெண் ஆஸ்பத்திரிக் கட்டைப் புரட்டிக்கொண்டே, போகிற போக்கில் இன்னொன்றையும் சொன்னாள். "அஞ்சாம் நாள் மத்தியானமே போயிருக்க வேண்டியது. மூச்சு நின்னிருக்கு. வார்டுல வேலை பாக்குற யாரோ பாத்து மணி அடிச்சிருக்காங்க. டாக்டருங்க ஓடி வந்து திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க. அன்னைக்குப் போயிருந்தா இந்தப் பேச்சே இல்ல."

"யாரும்மா அது?"

"பேர் போடல. பணியாளர்னு மட்டும் எழுதியிருக்கு."

பெரியவள் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் விட்டிருந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டில்தான் கொத்தனார் முதல் சாபத்தைப் போட்டார்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பெரியவள் யாரிடமும் சொன்னதில்லை. தங்கை செத்த நாலாம் நாளே அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். தினக்கூலிக்காரிக்கு நாலாம் நாள் என்பதே அதிகம். தலைமை நர்ஸ் நல்ல மாதிரி. "அவன் இருக்கிற பக்கம் நீ போக வேணாம். வேற மாடியில போட்டிருக்கேன்" என்றாள். பெரியவள் தலையாட்டினாள். மறுநாள் மத்தியானம் அந்த வார்டைத் துடைக்கிறவளிடம், "எனக்கு இந்தப் பக்கம் முதுகு வலிக்குது, நீ என் மாடிக்குப் போ, நான் இதைப் பாத்துக்கிறேன்" என்று பொருந்தாத காரணம் ஒன்றைச் சொல்லி மாற்றிக்கொண்டாள்.

அவனைக் கொல்லப் போகவில்லை. அவளுக்கு வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சின்னவள் கடைசியாக என்ன சொன்னாள்? அப்பா என்றாளா, அக்கா என்றாளா, விடு என்றாளா? அதைக் கேட்ட காது உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அது அந்தக் கட்டிலில் கட்டுப்போட்டுக் கிடந்தது. அவன் கண் விழித்தால் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனாள்.

கட்டில் பக்கத்தில் ஸ்டூல் காலியாக இருந்தது. ஐந்து நாளாக அதில் உட்கார்ந்திருந்த அவனுடைய அம்மா ரொட்டி வாங்கக் கீழே போயிருந்தாள். பெரியவள் வாளியை வைத்துவிட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். ஜன்னல் ஓரம், சுவர் ஓரம், பிறகு கட்டிலுக்கு அடியில். குனிந்தபோது எதிர்ச் சுவரில் ஆக்ஸிஜன் பாட்டில் கண்ணில் பட்டது. அதில் எப்போதும் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைப் பதினாறு வருஷமாகக் கேட்டுக் கேட்டு, அது இருப்பதே அவள் காதுக்குத் தெரியாது. அன்றைக்கு அது இல்லாதது தெரிந்தது.

குமிழி நின்றிருந்தது. குழாய் கட்டில் சக்கரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

பெரியவள் நின்றாள். நாலு மூச்சு நேரம் இருக்கும். அவள் விட்ட மூச்சுதான், அவன் விடவில்லை. அந்த நாலு மூச்சிலும் அவள் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போ என்று மனசு சொன்னது. போகட்டும் என்றுகூட இல்லை, போ என்றுதான் சொன்னது. ஐந்தாவது மூச்சுக்குக் கட்டிலைத் தள்ளிக் குழாயை விடுவித்துவிட்டு மணியை அடித்துக்கொண்டிருந்தாள். "சிஸ்டர், சிஸ்டர்" என்று அவள் போட்ட கூச்சலில் எதிர் வார்டிலிருந்துகூட ஆள் ஓடி வந்தது. யார் அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள் என்று பிறகு எத்தனையோ தடவை தன்னையே கேட்டிருக்கிறாள்.

அவன் புதன்கிழமை காலை பத்து மணிக்குச் செத்தான். கடைசிவரை கண் திறக்கவில்லை.

வக்கீல் பெண்ணின் கடிதம் ஏழாம் மாதம் வந்தது. இப்படிப்பட்ட வழக்குகள் நாலைந்து சேர்ந்துபோய், பத்திரிகைகளில் எழுதி, சட்டத்தைத் திருத்தக் குழு ஒன்று போட்டிருக்கிறார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களை நேரில் கேட்கப் போகிறார்கள். புதுச் சட்டம் இன்னும் கைமாறாத சொத்துகளுக்கும் செல்லும் என்று குழு எழுதிவிட்டால் வீடு தப்பித்துவிடும். சம்பந்தியம்மா பேருக்குப் பதிவு மாற இன்னும் சில வாரம் இருக்கிறது. மாற்றியதும் விற்றுவிடுவதாக அவளுடைய மூத்த மகன் சொல்லிவிட்டான்.

கடிதத்தைப் படித்துக் காட்டியபோது கொத்தனார் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து விரிசல் ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சட்டியில் கலவை.

"வீடு யாருக்குன்னே தெரியல. இப்ப எதுக்குப்பா இதைப் பூசிக்கிட்டிருக்கே?"

"விரிசலுக்குத் தெரியுமா அது? மழை வந்தா உள்ள போயிடும். தண்ணி ஊத்து, கொஞ்சமா."

ஊற்றினாள்.

"குழுவுல நான் பேசுறேன்" என்றார் அவர், பூச்சுக் கரண்டியைச் சுவரிலிருந்து எடுக்காமல். "எல்லாத்தையும் பேசுறேன். அந்த மணி அடிச்சவளைக் கண்டுபிடிச்சுக் கொண்டாங்கன்னு கேக்கப் போறேன். எம்மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும் அவ. ஏன் அடிச்சேன்னு."

"அவளுக்கு என்னப்பா தெரியும், பாவம். வேலை செஞ்சா."

"பாவமாம். நீயும் அங்கதானே வேலை பாக்குறே. இத்தனை மாசமாச்சு, யாருன்னு உன்னால விசாரிக்க முடியலையா?"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். தங்கைக்காக அழுவதா, வீட்டுக்காக அழுவதா, தனக்காக அழுவதா என்று தெரியாமல் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

குழு உட்கார்ந்த கூடத்தில் மின்விசிறி ஒன்று கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மேடை இல்லை. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் தலைவரம்மா. நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பேசுகிறவர்களின் கண்ணைப் பார்த்துக் கேட்டார், குறுக்கே பேசவில்லை. பெரியவளுக்கு அதுவே தெம்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

எதிர் வரிசையில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதத்தில் பாதியாகிவிட்டிருந்தாள். தேய்த்த சட்டையோடு பக்கத்தில் மூத்த மகன். முதலில் அவன்தான் எழுந்தான்.

"தம்பி பண்ணது தப்புதாங்க. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா எங்கம்மா என்ன தப்பு பண்ணாங்க? அவங்களும் புள்ளையப் பறிகொடுத்தவங்கதானே. சட்டப்படி வந்ததை வேணாம்னு சொல்லணுமா?"

சம்பந்தியம்மா தலையைத் தூக்கவே இல்லை.

தலைவரம்மா ஒரு தாளை எடுத்தார். "நாங்க யோசிச்சு வச்சிருக்கிற திருத்தம் இது. ஒருத்தர் கொலை செஞ்சிட்டு, வழக்கு முடியறதுக்குள்ள இறந்துட்டாலும், தனி விசாரணை வச்சு அவர்தான் கொன்னார்னு முடிவு பண்ணலாம். முடிவாயிட்டா, சொத்து விஷயத்துல அவரை எப்படி வச்சுக்கணும்னு ஒரு வரி." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "கொலை செய்தவர், கொலையுண்டவருக்கு முன்பே இறந்துவிட்டதாகக் கருதப்படுவார்."

கொத்தனாரின் நெற்றி சுருங்கியது. "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

அவர் இன்னொரு தடவை படித்தார். கொத்தனார் உதட்டை அசைத்துத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். வக்கீல் பெண் அவர் முழங்கையைத் தொட்டு, "வீட்டைப் பத்திப் பேசுங்கய்யா" என்றாள்.

வீட்டைப் பற்றிப் பேசினார். நாலு நிற ஓட்டைச் சொன்னார், சைக்கிளைச் சொன்னார், சின்னவள் கோலூன்ற வைத்து நடத்தியதைச் சொன்னார். குரல் கம்மவில்லை. கணக்குப் பார்த்து அளவு சொல்கிற கொத்தனார் குரலிலேயே சொன்னார். அது பெரியவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"கடைசியா ஒண்ணு அம்மா. அஞ்சாம் நாளே அவன் போயிருந்தா உங்க புதுச் சட்டமே எனக்கு வேணாம். எவளோ ஒருத்தி மணி அடிச்சா. அவ யாருன்னு கண்டுபிடிச்சுக் கூப்பிடுங்க. எம்பொண்ணைக் கொன்னவனை ஏன் காப்பாத்துனேன்னு அவ எங்கிட்டச் சொல்லணும்."

"பெரியவரே, அந்த அம்மா செஞ்சது அவங்க கடமை" என்றார் தலைவரம்மா. "அவங்களை இங்க கூப்பிட மாட்டோம். கூப்பிடவும் கூடாது."

கொத்தனார் உட்காரவில்லை. "அவளுக்கு ஒரு பொண்ணு இருந்து, இப்படிச் செத்திருந்தா அடிச்சிருப்பாளா? கூடப்பொறந்தவ செத்திருந்தா அடிச்சிருப்பாளா?"

பெரியவள் எழுந்தாள். எழ வேண்டும் என்று நினைத்து எழவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம்தான் அவளுக்கே கேட்டது.

"கூடப்பொறந்தவ செத்துதான்ப்பா இருந்தா. நான்தான் அடிச்சேன்."

கொத்தனார் திரும்பி அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள். யாரோ தெரியாத ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரி பார்த்தார். கோலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து, வெளியே போனார்.

அவள் பின்னால் போகத் திரும்பியபோது ஒரு கை பிடித்து நிறுத்தியது. சம்பந்தியம்மா.

"நீயாம்மா?"

"விடுங்கத்தை."

"நான் ரொட்டி வாங்கக் கீழ போயிருந்தேன். வந்து பாத்தா எல்லாரும் ஓடுறாங்க. யாரு பாத்தாங்கன்னு எங்கிட்ட யாருமே சொல்லல. அப்புறம் நாலு நாள் அவன் கையப் பிடிச்சிக்கிட்டே உக்காந்திருந்தேம்மா. கை சூடா இருந்துச்சு. அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல. கை சூடா இருந்துச்சு." அவள் பெரியவளின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஈரம் பட்டது. "உன் தங்கச்சியக் கொன்னவனுக்குப் போய் நீ செஞ்சியே. நான் எந்த வாயால உனக்கு நன்றி சொல்லுவேன்?"

பெரியவளுக்கு உடம்பு கூசியது. உலகத்தில் அவள் செய்ததற்கு நன்றி சொல்ல ஒரே ஒரு ஆள் இருக்கிறது, அது அவனைப் பெற்றவள். கையை உருவிக்கொள்ளவும் மனசு வரவில்லை. அந்த அம்மா அழுது முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தாள்.

பஸ்ஸில் கொத்தனார் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். அவள் பின்னால் நின்றுகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவர் கைகால் கழுவிக்கொண்டு தட்டு முன்னால் உட்கார்ந்தார். முதல் வாயை எடுத்து வைத்தார், மென்றார், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பெரியவள் காத்திருந்தாள். அந்த இடம் காலியாக இருந்ததைத் தாங்க முடியவில்லை.

"ஏழு மாசமா உன்னைத்தானா சபிச்சுக்கிட்டிருந்தேன்?"

"ம்."

"வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ சாப்பிட மாட்டே."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உடனே அடிச்சியா?"

"இல்லப்பா. கொஞ்ச நேரம் நின்னேன். நாலு மூச்சு நேரம்."

"என்ன நெனச்சே?"

"போன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் அடிச்சே?"

"குமிழி நின்னுபோச்சுப்பா. வேற எனக்கு ஒண்ணும் தெரியல. அங்க யாரு படுத்திருந்தாலும் கை அப்படித்தான் போகும் போலருக்கு." குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "அவ கடைசியா என்ன சொன்னான்னு கேக்கணும்னுதான் அந்த வார்டுக்கே போனேன். அவனுக்கு மட்டும்தானே தெரியும்."

கொத்தனார் சடாரென்று நிமிர்ந்தார். "சொன்னானா?"

"கண்ணே தொறக்கல."

ஏழு மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் அழுதார். தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதார். அவள் எழுந்து போய்த் தொடவில்லை. தொட்டால் நிறுத்திவிடுவார் என்று தெரியும்.

பதிவு மாறிவிட்டது. அப்பா இருக்கிறவரை இருக்கட்டும் என்று சம்பந்தியம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். மூத்த மகன் முணுமுணுத்தான். கொத்தனார் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எம்பொண்ணு வீட்டுல இருந்தேன். அவங்க வீட்டுல இருக்க மாட்டேன்" என்றார். போவதற்கு முன்னால் மாடிப்படி விரிசலைப் பூசி முடித்தார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், ஈரத் துணியால் ஓரத்தைத் துடைத்தார். கரண்டியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு, சாவியை வக்கீல் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த வாடகை அறைக்கு வந்துவிட்டார். வீட்டை வாங்கினவர்கள் சமையலறை ஓட்டைப் பெயர்த்து ஒரே நிறத்தில் போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

சட்டம் அடுத்த வருஷம் வந்தது. வக்கீல் பெண் தானே அதைக் கொண்டுவந்தாள். சாயங்கால வெயில் அறைக்குள் கட்டில்வரை வந்திருந்தது. அவள் உட்காராமல் நின்றாள்.

"வந்துருச்சுங்கய்யா. நீங்க பேசினதையெல்லாம் அறிக்கையில போட்டிருக்காங்க. ஆனா…" குரல் இறங்கியது. "இந்தத் தேதிக்கு அப்புறம் நடந்ததுக்குத்தான் செல்லும்னு வச்சுட்டாங்க. நமக்கு ஆகாது."

"இனிமே எவனுக்கும் இப்படிப் போகாதில்ல?"

"போகாதுங்கய்யா."

"அது நல்லதுதான். அந்த வரியப் படி."

"எந்த வரி?"

"அன்னைக்கு அந்தம்மா படிச்சாங்களே."

அவள் தேடி எடுத்துப் படித்தாள். "கொலை செய்தவர், கொலையுண்டவருக்கு முன்பே இறந்துவிட்டதாகக் கருதப்படுவார்."

"அன்னைக்கே கேக்கணும்னு நெனச்சேன், நீ முழங்கையத் தொட்டுட்டே" என்றார் கொத்தனார். "அப்ப அவன் முன்னாடியே செத்துட்டான். அவளுக்கு முன்னாடியே."

"ஆமாங்கய்யா. சட்டத்தோட கண்ணுல அப்படி."

"அப்ப எம்பொண்ணைக் கொல்ல ஆள் இல்லையேம்மா. செத்தவன் எப்படிக் கொல்லுவான்?"

வக்கீல் பெண் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அந்தப் பெண் தாளைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.

கொத்தனாருக்குப் புத்தி ஒன்றும் பிசகவில்லை. அன்றைக்குக் காலையில்கூட, எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவர் அரை அங்குலம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி அந்த வீட்டுக்காரரோடு சண்டை போட்டிருந்தார். விளக்குப் போடும் நேரத்துக்குக் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பெரியவள் அவருக்கு ஒரு தட்டும் தனக்கு ஒரு தட்டும் வைத்தாள்.

அவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"அவளுக்கும் ஒரு தட்டு வை" என்றார்.

பெரியவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சட்டமே சொல்லுதே. வை."

அவள் எழுந்து போய் அலமாரியின் மேல் தட்டிலிருந்து அந்த வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சின்னவளின் தட்டை எடுத்தாள். ஒன்றரை வருஷமாக யாரும் தொடாததில் தூசி படிந்திருந்தது. கழுவித் துடைத்துக் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து, பரிமாறினாள். அதற்குப் பிறகுதான் கொத்தனார் முதல் வாயை எடுத்து வைத்தார்.